போர்ட்டோவில் பழைய போர்ட் ஒயின் ருசிக்கப் போகிறீர்களா? முதலில் பாட்டிலைக் காட்டச் சொல்லுங்கள்

போர்ச்சுகல் போகத் திட்டமிட்டிருப்பவர்கள், அதிலும் ஒயினில் கொஞ்சம் ஆர்வம் இருப்பவர்கள், இதைப் படித்துவிட்டுப் போங்கள். போர்ட்டோ நகருக்கு எதிரே, டோரோ ஆற்றின் அக்கரையில் விலா நோவா டி கையா இருக்கிறது. போர்ட் என்பது பிராந்தி சேர்த்துச் செய்யும் இனிப்பு ஒயின்; பெயர் பெற்ற போர்ட் நிறுவனங்களின் கிடங்குகள் எல்லாம் அங்கேதான். அவற்றைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. என் புகார் அந்தச் சந்துகளுக்குள் இருக்கும் ஒரு சின்னக் கடை மீது. புகார் எழுதிக் கொடுத்திருப்பதால் பெயரைப் போடவில்லை.

'முதிர்ந்த போர்ட் ஒயின்களை ருசித்து மதிப்பெண் போடும் அமர்வு' என்று வாசலில் பலகை. ஆளுக்கு 95 யூரோ. 20 வருட டானி (மரப் பீப்பாயில் முதிர வைத்த போர்ட்), 1994 கொல்ஹேட்டா, 40 வருட டானி, கடைசியாக 1963 வின்டேஜ் (ஒரே வருட அறுவடையில் செய்து, பாட்டிலுக்குள் முதிர விடும் போர்ட்). 1963 என்பது போர்ட் ஒயின்காரர்கள் இன்றைக்கும் மரியாதையோடு சொல்லும் வருடம். அதில் ஒரு வாய் கிடைக்கும் என்றால் 95 யூரோ பெரிதாகத் தெரியாது. நானும் மச்சானும் உட்கார்ந்தோம். எங்களோடு வெவ்வேறு நாட்டிலிருந்து வந்த சிலர்.

முதல் இரண்டும் சுத்தம். பாட்டிலை மேசையில் வைத்து, எங்கள் கண் எதிரிலேயே ஊற்றினார்கள். 20 வருட டானியின் லேபிளில் எந்த வருடம் பாட்டிலில் அடைத்தார்கள் என்று இருந்தது. கொல்ஹேட்டா என்றால் ஒரே வருட அறுவடை, குறைந்தது 7 வருடமாவது மரப் பீப்பாயில் இருந்திருக்க வேண்டும். அதிலும் அறுவடை வருடம், அடைத்த வருடம் இரண்டும் இருந்தன. காய்ந்த அத்திப்பழம், வறுத்த பாதாம், கொஞ்சம் ஆரஞ்சுத் தோல், நல்ல ஒயின். நான் 20-க்கு 16 போட்டேன். நம்பிக்கை வர வைக்கத்தான் இந்த இரண்டும் என்று பிறகுதான் புரிந்தது.

மூன்றாவதும் நான்காவதும் உள்ளே இருந்து கண்ணாடிக் குடுவையில் வந்தன. பாட்டில் எங்கே என்று கேட்டதற்கு, "பழைய ஒயினில் வண்டல் இருக்கும், வடிகட்டித்தான் தர வேண்டும்" என்றார் நடத்தியவர். பாதி உண்மை. வின்டேஜ் போர்ட்டை அறுவடையான இரண்டு, மூன்று வருடத்திலேயே வடிகட்டாமல் பாட்டிலில் அடைத்துவிடுவார்கள். மிச்ச வயதெல்லாம் பாட்டிலுக்குள்ளேதான். வண்டல் கட்டாயம் படியும், குடுவைக்கு மாற்றுவதும் சரிதான். ஆனால் டானி அப்படி இல்லை. அது பீப்பாயிலேயே முதிர்ந்து, தெளிந்த பிறகு அடைக்கப்படுவது. அதற்குக் குடுவை எதற்கு?

'40 வருட டானி' செம்மண் சிவப்பில் இருந்தது. அந்த வயது டானி அம்பர் நிறத்துக்குப் போயிருக்கும், கிளாஸைச் சாய்த்தால் ஓரத்தில் லேசாகப் பச்சை தட்டும். வால்நட்டும் பழைய மரச்சாமான் மெருகும் கலந்த மாதிரி ஒரு வாசம் வரும், விழுங்கின பிறகும் நாக்கை விட்டுப் போகாது. இது விழுங்கின மறுநிமிடம் காணாமல் போனது. '1963' அதைவிட மோசம். அறுபது வருடம் தாண்டிய வின்டேஜ் வெளிறி, ஓரத்தில் செங்கல் நிறம் ஏறியிருக்க வேண்டும். எங்களுக்கு வந்தது நாவல்பழச் சாறு மாதிரிக் கருநீலம். "மச்சான், இது நேத்து அடைச்ச மாதிரில்ல இருக்கு" என்று மச்சான் காதில் சொன்னார்.

பாட்டிலைக் கொண்டு வாருங்கள் என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன். கொண்டு வந்தார்கள். 1963 என்று லேபிள், காலி பாட்டில். உள்ளே அடியில் வண்டல் காய்ந்து இறுகி, பொருக்குத் தட்டிப்போய் இருந்தது. அன்றைக்குக் காலையில் திறந்த பாட்டிலாம்!

இதைவிட எனக்கு எரிச்சல் தந்தது அந்த மதிப்பெண் தாள். நிறம், மணம், சுவை, விழுங்கிய பின் நிற்கும் நேரம் என்று கட்டம் போட்டு அழகாக அச்சடித்திருந்தார்கள். ஆனால் நாங்கள் கிளாஸை மூக்குக்குக் கொண்டு போவதற்கு முன்பே, இன்ன விமர்சகர் 100-க்கு இத்தனை போட்டார் என்று நடத்தியவர் வாசித்துவிடுவார். அதைக் கேட்டபின் யாருக்கு 12 போடத் தைரியம் வரும்? எல்லோரும் 18, 19 என்று எழுதினார்கள். நான் 9 போட்டேன். தாள்களை வாங்கி, கூட்டிச் சராசரி சொல்லி, "நீங்களே 18 கொடுத்த ஒயின், இன்று மட்டும் தள்ளுபடி" என்று பெட்டிகளைத் திறந்தார். தன் கையால் 19 எழுதியவர் வேண்டாம் என்று எழுந்து போக முடியுமா? தாளே அதற்காகத்தான். ஒரு வயதான தம்பதி இரண்டு பெட்டி வாங்கினார்கள்.

மரப்பெட்டி, மேலே பொன்னிறத்தில் பெரிதாக 40. விலை 140 யூரோ. அந்த அம்மாவிடம் அனுமதி கேட்டு, பாட்டிலை வெளியே எடுத்துப் பார்த்தேன். லேபிளில் 'டானி ரிசர்வ்' என்று மட்டும் இருந்தது. வயதும் இல்லை, அடைத்த வருடமும் இல்லை. 20 யூரோவுக்குள் கிடைக்கும் வகை அது. பெட்டியில் இருக்கும் 40 என்ன என்று கேட்டால், கடை தொடங்கி 40 வருடம் ஆனதற்காகச் செய்த பெட்டியாம். பொய் சொல்லவில்லை பாருங்கள்!

கழுத்தில் ஐ.வி.டி.பி. முத்திரை இருந்தது, ஆகவே உள்ளே இருந்தது உண்மையான போர்ட்தான். ஐ.வி.டி.பி. என்பது டோரோ, போர்ட்டோ ஒயின்களைக் கண்காணிக்கும் அரசு நிறுவனம். 20, 40 என்று லேபிளில் வயது போட வேண்டுமானால் அவர்களுடைய ருசிக் குழு ஒப்புக்கொள்ள வேண்டும். ஆகவே வயதைப் பாட்டில் லேபிளில் மட்டும் பாருங்கள். பெட்டி, பலகை, வாய்ப்பேச்சு எதுவும் கணக்கில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது சிரித்தார்கள். 'லிவ்ரோ டி ரெக்லமசோய்ஸ்' கொடுங்கள் என்றதும் சிரிப்பு நின்றது. போர்ச்சுகலில் பொதுமக்களுக்குச் சேவை தரும் ஒவ்வொரு கடையும் இந்தப் புகார்ப் புத்தகத்தை வைத்திருக்க வேண்டும், கேட்டால் மறுக்கக் கூடாது என்பது 2005-இல் வந்த சட்டம். மறுத்தால் போலீஸைக் கூப்பிடலாம். எழுதினால் மூலப் பிரதி கண்காணிக்கும் அரசு அமைப்புக்குப் போகும், ஒரு நகல் நம் கையில் தருவார்கள். ஆங்கிலத்தில்தான் எழுதினேன், நிறம், காய்ந்த வண்டல், பெட்டி எல்லாவற்றையும் சேர்த்து. நான் எழுதி முடிப்பதற்குள் அந்தத் தம்பதிக்குப் பெட்டிப் பணம் திரும்பி வந்துவிட்டது. எங்கள் 190 யூரோ மட்டும் வரவில்லை. 'ஒயின் ஊற்றிவிட்டோமே' என்கிறார்கள். புகாருக்குப் பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.