துண்டுக் காணியா, மேல்மாடியா? திருகோணமலையில் வீட்டுக்கு இரண்டு வழி

திருகோணமலையில் குடியிருப்பு எந்தப் பக்கம் வளர வேண்டும் என்று கேட்டால் இரண்டு பதில்தான். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் தென்னங்காணிகளைத் துண்டு போட்டு விற்கலாம். இல்லையா, ஊருக்குள் இருக்கிற வீட்டுக்கு மேலே இன்னொரு மாடி எழுப்பலாம்.

முதலில் துண்டுக் காணி. நகர அபிவிருத்தி அதிகார சபையின் பொது ஒழுங்குவிதிப்படி வீட்டுக் காணி குறைந்தது 150 சதுர மீட்டர் இருக்க வேண்டும், நம் கணக்கில் 6 பேர்ச். முகப்பு 6 மீட்டர் என்றால் நீளம் 25 மீட்டர். வீதிப்பக்கமும் பின்பக்கமும் இடம் விட்டு வீடு கட்ட இது போதும். கிணறும் மலக்குழியும் வந்தால்தான் சிக்கல். இரண்டுக்கும் நடுவே 50 அடி, அதாவது 15 மீட்டர் விடச் சொல்வார்கள். உங்கள் கிணற்றை முன்னாலும் குழியைப் பின்னாலும் வைத்துச் சமாளிக்கலாம். பக்கத்துக் காணிக்காரர் கிணற்றைப் பின்னால் தோண்டினால்? அது உங்கள் குழிக்கு ஐந்தாறு மீட்டரில் நிற்கும். நிலமோ மணல், குழியில் விட்டது வடிபடாமல் சட்டென்று கீழே இறங்கிவிடும். கந்தளாய்க் குழாய்த் தண்ணீர் இருக்கிறதே என்பார் தரகர். சரி, ஆனால் நிலாவெளிப் பக்கத்து வெங்காயத் தோட்டங்களுக்கு இறைப்பது இந்த நிலத்தடி நீரைத்தானே?

இன்னொரு ஓட்டையும் உண்டு. 1 ஹெக்டேயருக்கு, அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கருக்கு, மேற்பட்ட காணியைப் பிரித்தால் 10 வீதத்தைப் பொதுத் தேவைக்கு ஒதுக்க வேண்டும். இரண்டு ஏக்கர் இரண்டு ஏக்கராக வாங்கிப் பிரிப்பவருக்கு அந்தத் தொல்லையே இல்லை. பிள்ளைகள் பந்தடிக்க ஒரு மூலை கூட மிஞ்சாது.

கடலோரம் என்றால் 300 மீட்டர் வரை கரையோர வலயம், தனி அனுமதி வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு வடக்கு கிழக்கில் 200 மீட்டருக்குள் வீடே கூடாது என்றார்கள், அடுத்த வருடமே அதைத் தளர்த்தினார்கள்.

இனி மேல்மாடி. உவர்மலையிலோ நகர் நடுவிலோ வீதி, மின்சாரம், குழாய், பள்ளிக்கூடம் எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. செலவு அத்திவாரத்தில்தான். ஆனால் நம் ஆட்கள் மாடிக்குத் தயங்குவதற்குக் காரணம் சீமெந்து விலை மட்டுமல்ல, சீதனமும்தான். மூத்த மகளுக்குக் கீழ்வீட்டை எழுதினால் இளையவளுக்கு எதை எழுதுவது? மாடிக்கும் தனி உறுதி முடிக்கலாம். 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் அதற்கு வழி விடுகிறது. ஆனால் பிளான் பாஸ் பண்ணாமல், பிளான்படிதான் கட்டியது என்று காட்டும் இணக்கச் சான்றிதழ் எடுக்காமல் விட்ட மாடிக்கு அது நடக்காது. வங்கிக் கடனும் கிடைக்காது. அதனால்தான் 20 பேர்ச் வளவில் ஒரு பின்வீடு, அதற்கும் பின்னால் இன்னொன்று, போக மூன்றடி ஒழுங்கை.

மேல்மாடியிலும் குறை இருக்கிறது. ஒரு குழியில் இரண்டு குடும்பம் என்றால் குழியை உறிஞ்சும் பவுசரை அடிக்கடி கூப்பிட வேண்டும், வாகனம் நிறுத்த இடமும் இராது. இருந்தும் ஊருக்குள் என் வோட்டு மாடிக்குத்தான். உள்ளூராட்சிச் சபை செய்ய வேண்டியது, மாடி பிளானைச் சுணக்காமல் பாஸ் பண்ணுவது.

வெளியே, மணல் நிலத்தில், குறைந்த அளவை 15 பேர்ச் ஆக்கலாம். ஏழைக்குக் காணி எட்டாது என்பார்கள், நியாயம்தான். அப்படியானால் காணியை விற்பவரே பத்துப் பன்னிரண்டு வீட்டுக்கு ஒரு பொதுச் சுத்திகரிப்புத் தொட்டி கட்டித் தரட்டும், அங்கே 6 பேர்ச்சே போதும்.