அப்பாவின் இனிஷியலும் மூன்று வார விடுப்பும்

அப்பா 2024 ஆகஸ்டில் தவறினார். காரியத்துக்கு வந்தபோது எந்தக் காகிதத்தையும் தொட மனம் வரவில்லை. அடுத்த ஜனவரியில் மூன்று வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு நியூ ஜெர்சியிலிருந்து கும்பகோணம் போனேன்.

பீரோவின் அடித்தட்டில் பழுப்பு நிற ரெக்சின் பை ஒன்று இருந்தது. மூன்று கம்பெனிகளின் காகிதப் பங்குப் பத்திரங்கள், ஐந்து மியூச்சுவல் ஃபண்ட் அறிக்கைகள், இரண்டு வங்கிகளின் டெபாசிட் ரசீதுகள். ஒவ்வொன்றின் பின்புறமும் வாங்கிய தேதியும் போட்ட தொகையும் பென்சிலில், அப்பாவின் சாய்ந்த கையெழுத்தில்.

பணம் எவ்வளவு என்பதைவிட அப்பாவின் பெயர்தான் எங்களை அதிகம் அலைய வைத்தது. பங்குப் பத்திரத்தில் இனிஷியல் முன்னால், பாஸ்புக்கில் பின்னால். பான் கார்டில் இனிஷியல் விரிந்து தாத்தாவின் முழுப்பெயராகிவிட்டது. இறப்புச் சான்றிதழில் நான்காவதாக ஓர் எழுத்துக்கூட்டல். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராக என் கணவர் பெயர் இருப்பதால், நான் மகள்தான் என்பதற்கே தனியாகச் சான்று காட்ட வேண்டியிருந்தது. எல்லாப் பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று முத்திரைத்தாளில் பிரமாணப் பத்திரம் எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்கினோம்.

வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் பதிவு செய்து கொடுத்த பெண்ணை மறக்க மாட்டேன். “அக்கா, இறப்புச் சான்றிதழ்ல இருக்கற மாதிரியே இதுலயும் பேர் வரணும், இல்லன்னா திருப்பி அனுப்பிடுவாங்க” என்று திரையை என் பக்கம் திருப்பி, எழுத்தெழுத்தாகச் சரிபார்க்க வைத்தாள். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று மனு நகர்ந்து, நான் கிளம்புவதற்கு நான்கு நாள் முன்பு சான்றிதழ் கைக்கு வந்தது.

ஒரு வங்கிக் கிளையில்தான் மனம் நொந்தது. டெபாசிட்டுக்கு அம்மாதான் நாமினி. அப்படியும் கோர்ட்டில் வாரிசுரிமைச் சான்று வாங்கி வரச் சொன்னார்கள். நாமினி இருக்கும் கணக்குக்கு அதை வற்புறுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2005-லேயே சொல்லியிருக்கிறது. சுற்றறிக்கையை அச்செடுத்து எழுத்துப்பூர்வமாகக் கேட்ட பிறகே படிவத்தை வாங்கிக்கொண்டார்கள். எழுபத்திரண்டு வயது அம்மாவை அதற்காக மூன்று முறை படியேற வைத்தது இன்னும் உறுத்துகிறது.

பங்குகளை அம்மாவுக்கே விட்டுக்கொடுத்தோம். தம்பி அதற்கான சம்மதக் கடிதத்தில் மெல்போர்ன் இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்பினான். இப்போதெல்லாம் புதுப் பத்திரம் அச்சிட்டுத் தருவதில்லை. அப்போதிருந்த விதிப்படி உறுதிக் கடிதம் ஒன்று வரும், அதை வைத்து 120 நாளுக்குள் டீமேட்டில், அதாவது பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் கணக்கில், ஏற்ற வேண்டியிருந்தது.

இரண்டு ஃபண்டுகளுக்கு நான் நாமினி. அமெரிக்காவில் இருப்பவர்கள் இங்கே நன்றாகக் கவனிக்க வேண்டும். நம் ஊர் மியூச்சுவல் ஃபண்டை அமெரிக்க வரித்துறை ‘பிஃபிக்’ (வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம்) என்ற வகையில் வைத்துக் கடுமையாக வரி போடுகிறது. வைத்திருந்தால் பொதுவாக ஆண்டுதோறும், ஃபண்டுக்கு ஒன்றாக, 8621 படிவம் தர வேண்டும். அதனால் பெயர் மாறியதும் விற்றுவிடத் தீர்மானித்தேன். லாபக் கணக்கும் இரண்டு ஊரில் இரண்டு விதம். அமெரிக்காவில் அப்பா இறந்த அன்றைய மதிப்புதான் அடக்க விலை. இந்தியாவில் அப்பா வாங்கிய விலை. அந்தப் பென்சில் குறிப்புகளை ஆடிட்டர் ஒவ்வொன்றாகப் படம் எடுத்துக்கொண்டார்.

விற்ற பணம் என்.ஆர்.ஓ. கணக்கில்தான், அதாவது வெளிநாட்டில் வாழ்பவர்கள் இந்தியாவில் வைத்திருக்கும் ரூபாய்க் கணக்கில்தான், விழும். அங்கிருந்து ஒரு நிதியாண்டில் பத்து லட்சம் டாலர் வரை வெளியே அனுப்பலாம். அதற்குத் தேவையான ஆடிட்டர் சான்றிதழை முதலிலேயே பேசி வைத்துக்கொள்வது நல்லது. இந்தியா உள்ளிட்ட வெளிநாட்டுக் கணக்குகளில் மொத்தம் பத்தாயிரம் டாலரை ஒரு நாள் தாண்டினாலும் அமெரிக்காவில் எஃப்பார் என்ற வெளிநாட்டுக் கணக்கு அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். வாரிசுச் சொத்து ஒரு லட்சம் டாலருக்கு மேல் போனால் அதைத் தெரிவிக்கும் 3520 படிவமும் உண்டு. வரி இல்லை என்று அதை விட்டுவிட்டால் அபராதம் பெரிது.

கிளம்புவதற்கு முந்தின நாள் அம்மா பெயரில் டீமேட் கணக்குக்குப் படிவம் நிரப்பினோம். அம்மா ஆதாரைப் பக்கத்தில் வைத்துத் தன் பெயரை எழுதினார். நாமினி கட்டம் வந்ததும் என் பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கினார். தம்பிக்கு வீடியோவில் கூப்பிட்டு, “உன்னுதையும் காட்டுடா, அதுல எப்படி இருக்கோ அப்படியே எழுதணும்” என்றார்.