வேற மாதிரி கேம் வேண்டும் என்பவர்களுக்கு: ஐந்தில் எதை முதலில் ஆடுவது?

சுடுவதும் லெவல் ஏற்றுவதும் சலித்துப்போன நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: "வேற மாதிரி ஏதாவது இருக்கா?" நிறையவே இருக்கிறது. ஆனால் சிமுலேஷன், எக்ஸ்ப்ளோரேஷன் என்று கடையில் ஒட்டியிருக்கும் வகைப்பெயரை நம்பி வாங்கினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். நான் வேறொரு கேள்வியை வைத்துப் பார்க்கிறேன். பத்து மணி நேரம் ஆடிய பிறகு வளர்ந்திருப்பது எது? கேமுக்குள் சேர்த்த சாமான்களா, நமக்குத் தெரிந்த விஷயங்களா? இந்தக் கேள்வியோடு அணுகினால், ஒன்றுபோலத் தெரியும் கேம்கள்கூடச் சட்டென்று தனித்தனியாகப் பிரிந்துவிடும்.

அப்படி ஐந்து கேம்களைப் பார்ப்போம். முதலில் சப்நாட்டிகாவும் அவுட்டர் வைல்ட்ஸும். இரண்டையும் ஒரே மூச்சில் சிபாரிசு செய்வது வழக்கம். இரண்டிலும் நாம் தனி ஆள், ஆளைக் கொல்லும் துப்பாக்கி கிடையாது, உலகம் முழுவதும் கையால் செதுக்கப்பட்டது. ஒற்றுமை அதோடு சரி.

2018இல் முழுமையாக வெளியான சப்நாட்டிகாவில், விண்கலம் நொறுங்கி ஒரு கடல் கோளில் விழுகிறோம். ஆரம்பத்தில் 45 நொடிதான் மூச்சுப் பிடிக்க முடியும். டைட்டானியம் பொறுக்கி ஆக்ஸிஜன் டேங்க் செய்கிறோம், அப்புறம் சீமோத் என்ற குட்டி நீர்மூழ்கி. அதுவும் 200 மீட்டருக்குக் கீழே போனால் நசுங்கத் தொடங்கும். இங்கே ஆழம்தான் பூட்டு, கருவிதான் சாவி. ஆகவே என் கேள்விக்கு இந்தக் கேம் சொல்லும் பதில் பெரும்பாலும் 'சாமான்கள்'. ஆனால் அந்தச் சாமான்களுக்காக இறங்கும் ஒவ்வொரு மீட்டரும் நெஞ்சில் நிற்கும். இருட்டுக்குள் எங்கோ ரீப்பர் என்ற ராட்சதக் கடல்மிருகம் அலறும் சத்தம் கேட்டதும் வந்த வழியே மேலே ஏறி, அன்றைக்கு கேமையே மூடிவைத்தவன் நான். ஆழமான தண்ணீர் என்றாலே ஒவ்வாதவர்களுக்கு இது வேண்டாம். பசி, தாகம் பார்த்துக்கொள்வதுதான் தொல்லை என்றால் ஃப்ரீடம் முறையைத் தேர்ந்தெடுங்கள், அதில் அவை இரண்டும் இல்லை.

அவுட்டர் வைல்ட்ஸ் 2019இல் வந்தது. (அதே ஆண்டில் வந்த தி அவுட்டர் வேர்ல்ட்ஸ் முற்றிலும் வேறு கேம். வாங்கும்போது பெயரை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.) அலெக்ஸ் பீச்சம் பல்கலைக்கழகத்தில் படித்தபோது மாணவர் திட்டமாகத் தொடங்கியது, 2020இல் பாஃப்டா என்ற பிரிட்டிஷ் அமைப்பின் சிறந்த கேம் விருது வரை போனது. ஒரு சிறிய சூரியக் குடும்பம், ஒரு ஓட்டை உடைசல் விண்கலம், 22 நிமிடம். அந்த நேரம் முடிந்ததும் சூரியன் வெடிக்கிறது, நாம் மறுபடி தீமூட்டத்துக்குப் பக்கத்தில் கண் விழிக்கிறோம். முதல் மணி நேரத்தில் யாருக்கும் தெரிந்துவிடும் விஷயங்களைத் தாண்டி இங்கே எதையும் சொல்லப் போவதில்லை.

கடைசி நிமிடத்தில் கையில் இருக்கும் கருவிகள் ஏறக்குறைய முதல் நிமிடத்தில் இருந்தவையேதான். புதிதாக ஒரு எஞ்சின் கிடைக்காது, சாவியும் கிடைக்காது. எல்லாம் தெரிந்த ஒருவர் ஒரே சுற்றில், அந்த 22 நிமிடத்துக்குள்ளேயே கேமை முடித்துவிடலாம். நமக்கு அதற்கு இருபது மணி நேரம் ஆவதற்குக் காரணம் நம் அறியாமை மட்டும்தான். அதைத் தீர்த்துக்கொள்ளும் இடமாக அந்த உலகம் அமைக்கப்பட்டிருக்கும் விதம்தான் என்னை அசரவைக்கிறது. ஆஷ் ட்வின் என்ற கோளிலிருந்து பக்கத்து எம்பர் ட்வினுக்கு மணல் தூணாகக் கொட்டிக்கொண்டே இருக்கும். எம்பர் ட்வினின் குகைகளை மணல் மூடுவதற்குள் பார்க்க வேண்டும். ஆஷ் ட்வினில் புதைந்து கிடப்பதை மணல் வடிந்த பிறகுதான் பார்க்க முடியும். பிரிட்டில் ஹாலோவின் தரை துண்டு துண்டாகப் பெயர்ந்து, கோளின் நடுவிலுள்ள கருந்துளைக்குள் விழுகிறது. நாம் அங்கே இருந்தாலும் இல்லாவிட்டாலும் இவை தம் நேரப்படி நடந்துகொண்டே இருக்கும். எப்போது எங்கே இருக்க வேண்டும் என்ற அறிவுதான் இங்கே ஒரே சொத்து.

அதற்கு ஒரு விலை உண்டு. இதை வாழ்நாளில் ஒருமுறைதான் உண்மையாக ஆட முடியும், தெரிந்துகொண்டதை மறக்க முடியாதே. நிறைய வாசிக்கவும் வேண்டும், அவசரக்காரர்களுக்கு அது பிடிக்காது. விண்கலத்தின் ஆட்டோபைலட்டை நம்பும்போதும் கவனம் வேண்டும். வழியில் சூரியன் குறுக்கே வந்தால் கலம் விலகிப் போகாது.

இந்த இரண்டில் உயர்ந்தது அவுட்டர் வைல்ட்ஸ் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இருந்தாலும் கேம் உலகுக்கே புதியவர் கேட்டால் சப்நாட்டிகாவைத்தான் முதலில் கொடுப்பேன். அடுத்து என்ன செய்வது என்பதைப் பசியும் மூச்சும் அதில் சொல்லிக்கொண்டே இருக்கும். அவுட்டர் வைல்ட்ஸில் அப்படி யாரும் சொல்வதில்லை.

கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் வகையால் சிமுலேஷன். ஆனால் என் கணக்கில் இது அவுட்டர் வைல்ட்ஸின் உடன்பிறப்பு. ராக்கெட் கட்டி ஏவுவதுதான் வேலை. முதல் பதிப்பு முழுமையடைந்தது 2015இல். கெர்பின் என்ற அதன் கோளின் ஆரம் 600 கிலோமீட்டர்தான், காற்று மண்டலம் 70 கிலோமீட்டரில் முடிந்துவிடும். எல்லாரும் முதலில் ராக்கெட்டை நேராக மேலே அனுப்புவார்கள். அது 70 கிலோமீட்டரைத் தாண்டும், அப்புறம் அப்படியே திரும்பி விழும். சுற்றுப்பாதை என்பது உயரம் அல்ல, பக்கவாட்டு வேகம் என்பது அப்போதுதான் உறைக்கும். கெர்பினுக்கு அது நொடிக்கு ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர், நிஜ பூமிக்கோ 8க்கு நெருங்கி வரும். எனக்கு அது புரிய மூன்று மாலைகள் ஆயின.

அடுத்த பாடம் இன்னும் விசித்திரமானது. முன்னால் போகும் கலத்தைப் பிடிக்க எஞ்சினை முன்னோக்கி முடுக்கினால் நாம் பின்தங்குகிறோம். பாதை உயர்ந்துவிடுவதால் ஒரு சுற்றுக்கு அதிக நேரம் பிடிக்கிறது. பிரேக் போட்டுக் கீழே இறங்கினால்தான் எட்டிப் பிடிக்கலாம். சாண்ட்பாக்ஸ் முறையில் எல்லாப் பாகங்களும் முதல் நாளே கையில் இருக்கும், ஆனாலும் இவை தெரியாமல் பக்கத்துத் துணைக்கோளைக்கூடத் தொட முடியாது. இந்த அறிவு கேமை மூடிய பிறகும் கூடவே வரும். அதன் பிறகு விண்வெளிச் செய்திகள் வேறு மாதிரி புரியும். வாங்கினால் முதல் பாகத்தையே வாங்குங்கள். இரண்டாம் பாகம் 2023இல் அரைகுறையாக வெளிவந்தது, மறு ஆண்டே அதை உருவாக்கிய ஸ்டூடியோ மூடப்பட்டது.

ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ் இந்த வரிசையில் தனி. டார்ன் ஆடம்ஸ், ஸாக் ஆடம்ஸ் என்ற சகோதரர்கள் 2006இல் வெளியிட்டு, இன்றும் செதுக்கிக்கொண்டிருப்பது. ஆட்டம் தொடங்கும் முன்பே ஓர் உலகின் பல நூற்றாண்டு வரலாற்றைக் கணினி உருவாக்கிவிடும். நாம் ஒரு குள்ளர் கூட்டத்துக்குக் கோட்டை கட்டிக்கொடுக்கிறோம். ஒருமுறை பூனைகள் காரணமில்லாமல் செத்துக்கொண்டிருந்தன. தேடிப் பார்த்தால், மதுக்கூடத்தில் சிந்திய மதுவில் நடந்த பூனைகள் பிறகு தம் பாதத்தை நக்கிச் சுத்தம் செய்ததில் போதையேறி இறந்திருக்கின்றன. யாரும் எழுதிவைக்காத கதை அது, விதிகள் ஒன்றோடொன்று மோதியதில் தானாகப் பிறந்தது. இங்கே சாமானும் அறிவும் அழியக்கூடியவை. கோட்டை விழுந்த பிறகு மிஞ்சுவது சொல்வதற்கு ஒரு கதை. மெனுக்கள் கடினமானவை. 2022இல் ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் வந்த பதிப்பில் படங்களும் மவுஸும் உண்டு, அதிலிருந்து தொடங்குங்கள். எழுத்துக்குறிகளாலான பழைய வடிவம் இலவசம்.

ரெயின் வேர்ல்ட் பிடித்தவர்களுக்குத்தான் பிடிக்கும். 2017இல் வந்தது. உணவுச் சங்கிலியின் நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு சிறு உயிர் நாம். மழை வருவதற்குள் தின்றுவிட்டுப் பதுங்க வேண்டும். நம்மைத் துரத்தும் பல்லிகள் தமக்குள்ளும் அடித்துக்கொள்ளும், நம் கண்ணுக்குத் தெரியாத அறைகளிலும் உலவிக்கொண்டிருக்கும். விளக்கம் கிடையாது, இரக்கமும் கிடையாது. மற்ற நான்கையும் ரசித்து முடித்தவருக்கு மட்டும் தருவேன்.

அப்படியானால் வரிசை என்ன? வேலை முடிந்து அரை மணி நேரம்தான் கிடைக்கும் என்பவருக்கு அவுட்டர் வைல்ட்ஸ். ஒரு சுற்று முடிந்ததும் எழுந்துவிடலாம். நீண்ட விடுமுறை என்றால் சப்நாட்டிகா. தோற்றுத் தோற்றுக் கற்பது பிடிக்குமென்றால் கெர்பல். பக்கத்தில் கேட்க ஆள் இருந்தால் ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ்.

அவுட்டர் வைல்ட்ஸைத் தொடங்குபவர்கள் ஒரு வீடியோவும் பார்க்காதீர்கள், யாரிடமும் விடை கேட்காதீர்கள். சிக்கிக்கொண்டால் கலத்திலுள்ள பதிவேட்டைத் திறந்து, இங்கே இன்னும் பார்க்க வேண்டியது இருக்கிறது என்ற குறிப்பு எந்த இடத்துக்கு எதிரே வருகிறதோ அங்கே மறுபடி போங்கள்.