தாளம் தப்பும் இதயத்தோடு 4 வருடம்

முதல் தடவை வந்தது ராத்திரியில். தூக்கத்தில் புரண்டு படுத்தபோது நெஞ்சுக்குள் ஏதோ துள்ளியது. ஒரு துள்ளல், அப்புறம் ஒரு இடைவெளி, உடனே மூன்று நான்கு அடி ஒன்றன்மேல் ஒன்றாக. கழுத்து வரை துடித்தது. எழுந்து நடந்தேன், தண்ணீர் குடித்தேன், மறுபடி உட்கார்ந்தேன். மனைவி விழித்துக்கொண்டு "என்னங்க, என்ன பண்ணுது?" என்று கேட்டாள். நாக்கு ஒட்டிக்கொண்டு பதில் வரவில்லை. அவசரப் பிரிவில் ஈசிஜி எடுத்துப் பார்த்துச் சொன்ன பெயர் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கிற நோய், அதிலும் வந்து வந்து போகிற வகை. அன்றிலிருந்து 4 வருடத்தில் 31 தடவை வந்திருக்கிறது. கணக்கு இவ்வளவு சரியாகத் தெரிவதற்கு ஒரு நோட்டு காரணம். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அமைதியாக இருப்பது இந்த நோய்க்கு மருந்தாகாது. இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கும்போது அங்கே ரத்தம் தேங்கி உறையலாம். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துத்தான் டாக்டர் எனக்கு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எழுதினார். துடிப்பு ஒழுங்காக இருக்கும் நாட்களிலும் அதை விடுவதில்லை. நான் இங்கே எழுதுவதெல்லாம், வந்துவிட்ட அந்தச் சில மணி நேரத்தை எப்படிக் கடப்பது என்பதைப் பற்றி மட்டும்தான்.

உள்ளே என்ன நடக்கிறது என்று புரிந்தபோதே பாதி பயம் போனது. மேலறைகளில் நிமிடத்துக்கு 350க்கும் மேல் தாறுமாறான மின் தூண்டல்கள் கிளம்புகின்றன. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் ஏவி கணு என்று ஒரு வாசல் இருக்கிறது. அது பெரும்பாலானதை மறித்துவிடுகிறது. தப்பி வருவது மட்டும் கீழே இறங்கும், எப்போது இறங்கும் என்பதில் ஒழுங்கு கிடையாது. எனக்கு நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 130, 140 வரை போகும். பயந்தால் அட்ரினலின் சுரக்கிறது, அது அந்த வாசலை இன்னும் அகலத் திறந்துவிடுகிறது, வேகம் கூடுகிறது, அதைப் பார்த்து இன்னும் பயம் வருகிறது. என்னால் கை வைக்க முடிந்தது இந்தச் சுற்றில்தான்.

ஆரம்பத்தில் ஆழமாக மூச்சை இழுத்து இழுத்து விட்டேன். தலை சுற்றியது, விரல் நுனி மரத்தது, அதையும் இதயத்தின் கோளாறு என்று நினைத்துக் கூடுதலாகப் பயந்தேன். அளவுக்கு மேல் மூச்சு வாங்கினால் அப்படித்தான் ஆகும் என்று டாக்டர் விளக்கினார். ஆழம் வேண்டாம், நிதானம் போதும். இப்போது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு 4 விநாடி உள்ளே, 6 விநாடி வெளியே. ஒரு கை வயிற்றின்மேல். நாடியில் விரல் வைப்பதை அறவே விட்டுவிட்டேன். விரல் வைத்தால் மனம் அடுத்த அடிக்குக் காத்திருக்கும், அது தப்பும், மறுபடி தூக்கிவாரிப் போடும். 10 நிமிடம் இப்படி மூச்சு விட்டு, 138இல் இருந்த துடிப்பு 112க்கு இறங்கியதைப் பார்த்திருக்கிறேன். தாளம் மட்டும் அதனால் திரும்பியதில்லை. இறங்கியதே எனக்குப் பெரிய ஆறுதல்.

முகத்தில் குளிர்ந்த தண்ணீர் அடிப்பது, மூச்சைப் பிடித்து முக்குவது ஆகியவற்றையும் முதல் 6 மாதம் விடாமல் செய்தேன். நிற்காதபோது நானே ஏதோ தப்பாகச் செய்கிறேன் என்று மனம் உடைந்தது. உண்மையில் அவை எஸ்விடி என்கிற வேறு வகைப் படபடப்புக்கானவை. அதில் துடிப்பு வேகமாக இருந்தாலும் ஒரே சீராக ஓடும். 15 விநாடி முக்கிவிட்டு உடனே படுத்துக் காலை உயர்த்துகிற முறையில் 100க்கு 43 பேருக்கு எஸ்விடி நின்றதாக 2015இல் ஓர் ஆய்வு வந்தது. என்னுடைய வகையை அது நிறுத்தாது. தனக்கு எந்த வகை என்று தெரியாமல் யாரும் இதில் இறங்க வேண்டாம். கழுத்து ரத்தக்குழாயைத் தாங்களாகவே அழுத்திப் பார்க்கவும் வேண்டாம்.

கையில் ஸ்மார்ட் வாட்ச் கட்டி மூன்று வருடம் ஆகிறது. 30 விநாடியில் அது எடுத்துத் தருகிற ஈசிஜி டாக்டருக்கு உபயோகமாக இருந்தது, இரண்டு தடவை அதைப் பார்த்துத்தான் மருந்தின் அளவை மாற்றினார். ஆனால் ஒரு கட்டத்தில் ஒரு நாளில் 40 தடவை பார்க்கத் தொடங்கிவிட்டேன். ஒன்றுமில்லாத நாளிலும் பார்த்தேன். இப்போது தொடங்கும்போது ஒரு பதிவு, பிறகு மணிக்கு ஒன்று, அவ்வளவுதான். துடிப்பு ஒழுங்கற்று இருக்கையில் பலவீனமான சில அடிகள் மணிக்கட்டு வரை வருவதே இல்லை, அதனால் வாட்ச் குறைத்துக் காட்டலாம். மாரடைப்பை அது கண்டுபிடிக்காது என்பதையும் மறக்கக் கூடாது.

சரி, நோட்டுக்கு வருகிறேன். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு வரி: தேதி, தொடங்கிய நேரம், அதற்கு முன் என்ன செய்தேன், எப்போது நின்றது. நடுங்குகிற கையால் எழுதியதால் சில வரிகள் கோணல்மாணலாக இருக்கும். ஒன்றரை வருடம் கழித்துப் புரட்டிப் பார்த்த டாக்டர், பாதிக்கு மேல் தூக்கத்தில்தான் தொடங்கியிருக்கிறது என்று கவனித்துக் குறட்டை பற்றிக் கேட்டார். தூக்கப் பரிசோதனையில் மூச்சு நின்று நின்று வருவது தெரிந்தது. முகமூடி வழியாகக் காற்றை அழுத்தத்தோடு அனுப்பி மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கிற சிபேப் கருவியை மாட்டிக்கொண்டு தூங்க ஆரம்பித்த பிறகு ராத்திரியில் வருவது வெகுவாகக் குறைந்தது. கருவி பழக எனக்கு 2 மாதம் பிடித்தது, முகத்தில் தழும்பு விழுந்தது, ஆனாலும் இந்த 4 வருடத்தில் செய்ததிலேயே பலன் தந்தது அதுதான் என்பேன்.

நோட்டுக்கு இன்னொரு உபயோகம் நான் எதிர்பார்க்காதது. அடுத்தது வரும்போது பழைய வரிகளைப் படிக்கிறேன். '2.40க்குத் தொடங்கியது, 6.15க்கு நின்றது.' என் கையெழுத்தே எனக்குச் சாட்சி. மற்றவர்கள் 'ஒண்ணும் ஆகாது' என்று சொல்லும்போது நம்பாத மனம் இதை நம்புகிறது.

மனைவி முன்பெல்லாம் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்பாள். பதில் சொல்லவே பயமாக இருக்கும். ஒரு நாள் உட்கார்ந்து பேசி முடிவு செய்தோம். இப்போது அவள் என் முதுகில் கையை வைத்துக்கொண்டு நான் மூச்சு விடுவதை மட்டும் மெதுவாக எண்ணுகிறாள்.

நோட்டின் பின் அட்டையில் எழுதியிருப்பது அவளுக்காக. நெஞ்சு வலி, மயக்கம், உட்கார்ந்த இடத்திலேயே மூச்சுத் திணறல், வாய் ஒரு பக்கம் கோணுவது, கை தொய்ந்து விழுவது, பேச்சுக் குழறுவது. இதில் ஒன்று வந்தாலும் மூச்சுப் பயிற்சி எல்லாம் வேண்டாம், ஆம்புலன்ஸ்தான். இதை எழுத வைத்தது 22வது தடவை. மூச்சு வாங்கியது, ஆனாலும் 'நிதானமாக இருக்கிறேன், சரியாகிவிடும்' என்று 9 மணி நேரம் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் மயக்க மருந்து கொடுத்து நெஞ்சில் மின்சார ஷாக் வைத்துத்தான் நிறுத்தினார்கள். அதற்கு முந்தைய 3 வாரத்தில் ரத்தம் உறையாத மாத்திரையை ஒரு வேளைகூட விட்டதில்லை என்று உறுதியாகச் சொல்ல முடிந்ததால் தாமதமில்லாமல் செய்தார்கள். இப்போது டாக்டர் எனக்கென்று ஒரு எல்லை சொல்லியிருக்கிறார்: ஓய்வாக இருந்தும் 2 மணி நேரம் 130க்குக் கீழே இறங்காவிட்டால் கிளம்பிவிட வேண்டும். உங்கள் எல்லையை உங்கள் டாக்டரிடமே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதம் அப்லேஷன் பற்றிப் பேச நேரம் வாங்கியிருக்கிறேன். தொடை ரத்தக்குழாய் வழியாகக் குழாய் செலுத்தி, நுரையீரல் சிரைகள் இதயத்தில் வந்து சேரும் இடத்தில் தழும்பு உண்டாக்கி, தவறான தூண்டல்களை உள்ளே விடாமல் தடுக்கிற சிகிச்சை. கேட்க வேண்டிய கேள்விகள் 7 இருக்கின்றன. நோட்டின் 31 வரிகளையும் மனைவி ஒரே தாளில் பிரதி எடுத்து வைத்திருக்கிறாள்.