சொதிக்கும் சத்து மாத்திரைக்கும் ஒரே கணக்கேடு: குரோனோமீட்டர் செயலி

மாவுச்சத்தைக் குறைத்து உண்ணத் தொடங்கும் நீரிழிவுக்காரர்கள் பெரும்பாலும் சோற்றின் அளவை மட்டுமே கவனிக்கிறார்கள். அதனுடன் அன்றாடம் விழுங்கும் பி12, கால்சியம், மீன் எண்ணெய் மாத்திரைகளை எவரும் கணக்கில் எழுதுவதில்லை. உணவையும் மாத்திரையையும் ஒரே பக்கத்தில் கூட்டிக் காட்டுவதால்தான், கனடாவில் உருவான குரோனோமீட்டர் செயலியைப் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுச் சமையலுக்குப் பயன்படுத்தி வருகிறேன்.

இதன் பெரிய பலம், எந்த எண் எங்கிருந்து வந்தது என்பதை ஒவ்வோர் உணவுக்கும் காட்டுவது. அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணை போன்ற ஆய்வகத் தரவுகளே இதற்கு அடிப்படை என்பதால், முட்டை, பாதாம், தயிர் போன்றவற்றுக்கு இதை நம்பலாம். நம் ஊர்ச் சமையலை மட்டும் நாமே செய்முறையாக எழுதிச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அங்கேதான் கவனம் தேவை.

தேங்காய்ப் பாலில் வைக்கும் சொதிக் குழம்பை எடுத்துக்கொள்வோம். துருவிய தேங்காயின் எடையை அப்படியே பதிந்தால், பிழிந்து எறிந்த சக்கையில் தங்கிவிட்ட நார்ச்சத்தும் நாம் உண்டதாகவே கணக்கில் ஏறிவிடும். செயலி மொத்த மாவுச்சத்திலிருந்து நாரைக் கழித்து நிகர அளவைச் சொல்வதால், அப்படிக் கழிப்பதும் பிழையாகிவிடும். தேங்காய்ப் பாலாகவே பதிவதுதான் சரி. சொதியில் பாலைவிடப் பாசிப்பருப்பும் உருளைக்கிழங்குமே மாவுச்சத்தைக் கூட்டுகின்றன என்பது இப்படி எழுதும்போது தெளிவாகத் தெரியும்; கிழங்கை விட்டு முருங்கைக்காயையும் பீன்சையும் கூட்டிக்கொண்டால் சொதியைத் தாராளமாக உண்ணலாம். கருப்பட்டிக்கு அந்தச் சலுகை கிடையாது. உடன்குடிக் கருப்பட்டியே ஆனாலும் அதில் பெரும்பகுதி சர்க்கரைதான். அதைத் தனிக் கணக்காக நினைப்பவர்கள் ஒருமுறையாவது பதிந்து பார்க்க வேண்டும்.

இன்னொரு நுட்பத்தையும் சொல்லியாக வேண்டும். நம் தானியங்களுக்கு ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவு அட்டவணையைப் பலரும் பார்க்கிறார்கள். அது 528 உணவுகளைக் கொண்ட அருமையான நூல். ஆனால் அதில் மாவுச்சத்தும் நார்ச்சத்தும் தனித்தனியாக நிற்கின்றன. தீட்டிய பச்சரிசி 100 கிராமில் மாவுச்சத்து 78.24, நார் 2.81 என்றால், செயலியில் மொத்த மாவுச்சத்தாக 81.05 என்று கூட்டி எழுத வேண்டும். கூட்டாமல் 78.24 என்றே எழுதினால், செயலி நாரை மறுபடியும் கழித்துக் குறைவான எண்ணைக் காட்டும்.

மாத்திரைகளைப் பதியும்போது அட்டையின் பின்புறத்தைப் படித்தே ஆக வேண்டும். 1250 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டில் கால்சியம் 500 மில்லிகிராம்தான். 1000 மில்லிகிராம் மீன் எண்ணெய் என்று அச்சிட்ட சாதாரண மாத்திரையில் ஒமேகா-3 பெரும்பாலும் 300 மில்லிகிராம் அளவே இருக்கும். தூத்துக்குடிச் சாளை மீனைக் குழம்பில் அடிக்கடி உண்பவர்கள் இந்த எண்ணைப் பார்த்த பிறகு அந்த மாத்திரை வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்பது நியாயமே. வாரம் ஒருமுறை விழுங்கும் 60,000 அலகு வைட்டமின் டி 1500 மைக்ரோகிராம் ஆகும். அது ஒரே நாளில் எகிறிப் பிற நாள்களில் சுழியமாகத் தெரியும் என்பதால், நாள் கணக்கை விட்டுவிட்டு வாரச் சராசரியைப் பார்க்க வேண்டும்.

நீண்ட காலம் மெட்பார்மின் என்ற நீரிழிவு மாத்திரையை உண்பவர்களுக்கு பி12 குறையக்கூடும். செயலியில் அந்தக் கட்டம் நிறைந்து தெரிந்தாலும் உடலில் அது சேர்ந்துவிட்டது என்று பொருளில்லை. அதை இரத்தப் பரிசோதனைதான் சொல்லும். தைராய்டு மாத்திரைக்கும் கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கும் இடையே நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்பதையும் சத்துகளின் கூட்டுத்தொகை காட்டாது. இன்சுலினோ, உடலில் இன்சுலின் சுரப்பைத் தூண்டும் சல்போனைல்யூரியா வகை மாத்திரையோ எடுப்பவர்கள், மருந்தளவை மருத்துவர் மாற்றித் தராமல் மாவுச்சத்தைச் சட்டென்று குறைத்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடலாம். சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின் வகை மருந்து உண்பவர்களுக்கு, சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலே இரத்தத்தில் கீட்டோன் அமிலம் கூடும் ஆபத்து உண்டு. இவர்கள் செயலியைத் திறக்கும் முன் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

விளம்பரங்களைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால் இலவசப் பதிப்பே போதும். அதைவிட முதலில் வாங்க வேண்டியது கிராம் கணக்கில் நிறுக்கும் ஒரு சமையலறைத் தராசு. கரண்டிக் கணக்கில் பதிந்தால் மேலே சொன்ன எந்த எண்ணும் சரியாக வராது.