எதிரயனி வினைகளுக்கு நேரியல் அயனிப்பொறி: இரண்டாண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

கரிம எதிரயனிகளின் (எதிர்மின்னூட்டம் கொண்ட அயனிகளின்) வாயுநிலை வினைகளை ஆராய, அயனிகளை மின்புலத்தில் சிறைப்பிடித்து அவற்றின் நிறையை அளக்கும் நேரியல் அயனிப்பொறி வகை நிறை நிறமாலைமானி ஒன்றை இரண்டாண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். கரைப்பான் சூழாத அயனியின் இயல்பை அறிய விரும்புவோர்க்கு இது அருமையான கருவி. கரைப்பான் எவ்வளவு பெரிய திரை என்பதை, நீர்க்கரைசலில் மெத்தனாலைவிட வலிமை குறைந்த அமிலமான மூவிணைய பியூட்டனால் வாயுநிலையில் அதனினும் வலிமை மிக்கது என்று 1968-இல் வேதியியலாளர்கள் பிராமனும் பிளேரும் காட்டியதே உணர்த்தும்.

இதன் தலையாய சிறப்பு, வேண்டிய அயனியை மட்டும் பிரித்து நிறுத்தும் திறன். எலெக்ட்ரோஸ்ப்ரே (கரைசலை மின்னழுத்தத்தில் நுண்துளிகளாகத் தெளித்து அயனிகளை வாயுநிலைக்குக் கொண்டுவரும் முறை) வழியே வரும் பென்சோயேட்டை 121-இல் (நிறை–மின்னூட்ட விகிதம்; பிற அயனிகளுக்குத் தரும் எண்களும் இதுவே) தனிமைப்படுத்தி, ஹீலியத்தோடு மோதவிட்டால், அது கார்பன் டைஆக்சைடை இழந்து 77-இல் ஃபீனைல் எதிரயனியாகிறது. குடுவையில் லித்தியத்தோடு ஒட்டியே நாம் கண்டு பழகிய அந்த அயனி, இங்கே துணையயனி ஏதுமின்றித் தனியே நிற்பதை முதன்முதலில் பார்த்த நாளை நான் மறக்கவில்லை. ஃபீனாக்சைடை மெத்தில் அயோடைடு ஆவியோடு விட்டுவைத்து, 93 தேய்ந்து 127-இல் அயோடைடு வளர்வதை நேரவாரியாகப் பதிவுசெய்தால், மடக்கை வரைபடத்தில் போலி முதல்வகை வினைக்குரிய (ஆவி மிகுதியாக இருப்பதால் வேகம் அயனியின் அளவை மட்டுமே சார்ந்த வினைக்குரிய) நேர்கோடு கிடைக்கிறது. அந்த ஆவியைச் செலுத்தும் இணைப்பு கருவியோடு வருவதில்லை. ஹீலியக் குழாயில் நாங்களே பொருத்திக்கொண்டோம்.

குறையும் அதே 77-இல்தான் வெளிப்பட்டது. எந்த வினைபொருளும் சேர்க்காத நிலையிலேயே, காத்திருக்கும் நேரம் கூடக்கூட அந்த பீக் சிறுத்தது. அதற்கு ஈடாகப் புதிய பீக் எதுவும் எழவில்லை. நீக்கிவிட்டதாக நினைத்த 121 மட்டும் சிறிதளவு தலைகாட்டியது. உதவி கேட்டபோது, தனிமைப்படுத்தும் சாளரத்தை (பொறியில் நிறுத்திவைக்கும் நிறை வரம்பை) குறுக்குமாறு சேவைப் பொறியாளர் சொன்னார், குறுக்கியும் பயனில்லை. பொறிக்குள் எஞ்சியிருந்த நீராவியிடமிருந்து ஃபீனைல் அயனி புரோட்டானைப் பறித்து பென்சீனாகிவிடுகிறது என்பதும், அப்போது உருவாகும் ஹைட்ராக்சைடின் நிறை 17 என்பதால், 50-க்குக் கீழ் நோக்காத எங்கள் வருடலில் அது தெரியவில்லை என்பதும் பல வாரங்களுக்குப் பிறகே விளங்கியது. திரும்பி வந்த 121, எஞ்சிய கார்பன் டைஆக்சைடோடு ஃபீனைல் அயனி மீண்டும் சேர்ந்து உண்டான பென்சோயேட். வெற்றிடக் கலத்தை நீண்டநேரம் சூடேற்றி, ஹீலியத்தைத் தூய்மிப்பான் வழியே விட்ட பிறகு தேய்வு வெகுவாகக் குறைந்தது. இந்த எச்சரிக்கை கையேட்டில் ஒரு வரியாகவேனும் இருந்திருக்க வேண்டும்.

கார்பாக்சிலேட்டுகள், ஃபீனாக்சைடுகள், பெப்டைடு எதிரயனிகள் ஆகியவற்றோடு பணிபுரிவோர்க்கு இக்கருவியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். மெத்தாக்சைடு, அமைடு போன்ற சிற்றயனிகளே இலக்கு என்றால் ஃப்ளோயிங் ஆஃப்டர்க்ளோ குழாயை (அயனிகள் வாயு ஓட்டத்தோடு செல்லும்போதே வினைபுரியும் கருவியை) நாடலாம். எதை வாங்கினாலும், வினைபொருள் சேர்க்காமல் 77-ஐப் பத்து விநாடி நிறுத்திப் பார்த்துவிட்டு ஒப்புதலில் கையெழுத்திடுங்கள்.