கடலூர் ஈரக்காற்றில் ஆறு வருடம்: ரயில் மாடல் கட்டடங்கள் கட்டிய அனுபவம்

என் மேஜைக்கு மேலே அலமாரியில் இரண்டு கூட்ஸ் ஷெட் மாடல்கள், அதாவது ரயில் சரக்குக் கிடங்குகள், இருக்கின்றன. இரண்டுக்கும் ஒரே வரைபடம், ஒரே நீளம், 28 சென்டிமீட்டர். ஒன்று 2019இல் கட்டியது. அதன் பின்சுவர் பொரித்த அப்பளம் மாதிரி வளைந்து, கூரைக்கும் சுவருக்கும் நடுவே சுண்டுவிரல் நுழைகிறது. இன்னொன்று 2022இல் கட்டியது. ஸ்கேலை ஒட்டி வைத்துப் பார்த்தால் இன்றும் நேராக நிற்கிறது. கை தேறிவிட்டதால் வந்த வித்தியாசம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் வித்தியாசம் நான் எடுத்த பொருளில் இருக்கிறது.

ரயில் மாடல் பற்றிப் படிக்கக் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியது. ஐப்பசி, கார்த்திகையில் தீப்பெட்டிகூட நமுத்துப்போகும் ஊரில் எது தாங்கும், எது தாங்காது என்று அவர்கள் ஏன் எழுதப்போகிறார்கள்? நான் காசைக் கொட்டித்தான் தெரிந்துகொண்டேன்.

அளவு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் கட்டுவது ஹெச்.ஓ. அளவு, அதாவது நிஜத்தில் 87இல் ஒரு பங்கு. ஏழடிக் கதவு இதில் 24.5 மில்லிமீட்டர் வரும். பிரிட்டிஷ்காரர்களின் ஓ.ஓ. அளவில் 76இல் ஒரு பங்கு, அதே கதவு 28 மில்லிமீட்டர் ஆகிவிடும். மூன்றரை மில்லிமீட்டர்தானே என்று அலட்சியமாக நான் ஒரு ஓ.ஓ. குடோனை வாங்கி வைத்தேன். பக்கத்தில் நின்ற போர்ட்டர் பொம்மை திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. தண்டவாளத்தில் இன்னும் வேடிக்கை. நம் அகலப் பாதையில் இரண்டு தண்டவாளத்துக்கும் இடைவெளி 1676 மில்லிமீட்டர், ஹெச்.ஓ.வில் அது 19க்கு மேல் வர வேண்டும். கடையில் கிடைக்கும் ஹெச்.ஓ. தண்டவாளம் 16.5தான். நான் மீட்டர் கேஜ்காரன், அதாவது இடைவெளி ஒரு மீட்டர் மட்டுமே உள்ள பாதையைக் கட்டுகிறவன் என்பதால் தப்பித்தேன். கணக்குப்படி 11.5 வர வேண்டும், 12 மில்லிமீட்டர் தண்டவாளம் கிடைக்கிறது. அந்த அரை மில்லிமீட்டரை யாரும் பார்க்கப்போவதில்லை.

ஏன் மீட்டர் கேஜ் என்றால், விழுப்புரம் – மயிலாடுதுறைப் பாதையை அகலப் பாதையாக்க மூடும்வரை, நான் திருப்பாதிரிப்புலியூரில் ஏறி ஓ.டி.யில், அதாவது கடலூர் பழைய நகர ஸ்டேஷனில், இறங்கிப் பார்த்த ரயில் அதுதான். எனக்கு எஞ்சின் மேல் பெரிய மோகம் இல்லை. ஓடு வேய்ந்த ஷெட், சுண்ணாம்பு அடித்த சுவர், மழைக்குக் கறுத்த கைப்பிடிச் சுவர், இவைதான் கண்ணில் நிற்கின்றன. அதனால் என் மேஜையில் வண்டி ஒன்றுதான், கட்டடம் பதினொன்று.

தொடக்கம் ஒரு ஜெர்மன் கிட், பாகங்களை நாமே ஒட்டிச் சேர்க்கும் பெட்டி. ஜெர்மனியில் வேலையில் இருக்கும் அத்தை மகன் ஊருக்கு வந்தபோது ஃபாலர் கம்பெனியின் சின்ன ஸ்டேஷன் ஒன்று வாங்கி வந்தார். 1946இலிருந்து இதே வேலை பார்க்கும் கம்பெனி. பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்துகிற அழகைச் சொல்லி முடியாது. ஜன்னல் சட்டம் தன் இடத்தில் 'டக்' என்று உட்காரும். ஆறு வருடமாகியும் ஒரு மூலைகூட விலகவில்லை, பிளாஸ்டிக்குக்கு மழைக்காலம் ஒரு பொருட்டே இல்லை. குறை என்று சொன்னால், அது நம் ஊர்க் கட்டடம் இல்லை, அவ்வளவுதான். பனி வழிந்து விழுவதற்காகச் செங்குத்தாக வைத்த கூரை அது. அதற்கு மஞ்சள் பலகை மாட்டித் தமிழில் ஊர்ப் பெயர் எழுதிப் பார்த்தேன். வேட்டிக்குமேல் ஓவர்கோட் போட்ட மாதிரி இருந்தது. கையைப் பழக்க ஒரு கிட் வாங்குங்கள். அதற்குமேல் வேண்டாம்.

அப்புறம்தான் அட்டை. நோட்டுப் புத்தகத்துக்கு பைண்டிங் போடும் 2 மில்லிமீட்டர் சாம்பல் அட்டை, வெள்ளைப் பசை, மேலே அக்ரிலிக் பெயின்ட். சித்திரையில் கட்டி முடித்தபோது ஷெட் கல் மாதிரி நின்றது. நவம்பரில் பின்சுவர் வளைய ஆரம்பித்தது. தப்பு என்னுடையது. வெளிப்பக்கம் மூன்று பூச்சு பெயின்ட் அடித்தவன், யார் பார்க்கப்போகிறார்கள் என்று உள்பக்கத்தை வெறும் அட்டையாகவே விட்டுவிட்டேன். பெயின்ட் மூடிய பக்கம் ஈரத்தை வாங்காது, மூடாத பக்கம் குடித்துக் குடித்து விரியும். ஒரு பக்கம் மட்டும் விரிந்தால் அட்டை வளையாமல் என்ன செய்யும்? அட்டையில் கட்டுகிறவர்கள் உள்பக்கம், வெளிப்பக்கம், அறுத்த விளிம்பு மூன்றுக்கும் பெயின்ட் அடித்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். நான்கு சுவரும் நின்ற பிறகு உள்ளே பிரஷ் நுழையாது.

இதற்கு மாற்று கிடைத்தது ஃப்ளெக்ஸ் பேனர் கடையில். கல்யாண வாழ்த்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் படம் ஒட்டித் தருகிறார்களே, அந்த சன் போர்டு. பிவிசி நுரைத் தகடுதான், 3 மற்றும் 5 மில்லிமீட்டரில் வரும். ஓரம் வெட்டிப் போட்ட துண்டுகளைக் கேட்டேன்.

“எதுக்குண்ணே இது?” என்றார் கடைத் தம்பி.

“ஸ்டேஷன் கட்டப்போறேன்.”

ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு ஒரு கட்டு எடுத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

இரண்டாவது ஷெட் முழுக்க அந்தத் துண்டுகளில் நிற்கிறது. மூன்று மழைக்காலம் பார்த்துவிட்டது. தண்ணீர் குடிக்காது, 11ஆம் நம்பர் சர்ஜிக்கல் பிளேடுக்கு வெண்ணெயாக வெட்டுப்படும். பிளேடும் அதற்கான 3ஆம் நம்பர் கைப்பிடியும் மருந்துக் கடையிலேயே கிடைக்கும். மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் அழுத்திக் கோடு போட்டால் கல் வரிசை பதியும். தொந்தரவும் உண்டு. அறுத்த விளிம்பில் நுரைத் துளைகள் தெரியும், சுவருக்குப் பூசும் பட்டியைத் தண்ணீர்விட்டுக் குழைத்துத் தடவி உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். வழவழப்பான மேல்பரப்பில் பெயின்ட் பிடிக்காது, அதையும் லேசாகத் தேய்த்தாக வேண்டும். வெள்ளைப் பசை இதில் நிற்பதில்லை. பிவிசி பைப் ஒட்டும் சொல்யூஷனை ஈர்க்குச்சி முனையில் தொட்டு மெல்லிசாக இழுத்தால் நன்றாகப் பிடிக்கிறது. தாராளமாகத் தடவினால் சுவரே கரைந்து குழியாகும். தெர்மாகோல் பக்கம் மட்டும் போகாதீர்கள். ஸ்ப்ரே பட்டாலே உருகிவிடும்.

கூரைக்கு வருகிறேன், இந்தப் பொழுதுபோக்கில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். மங்களூர் ஓடு ஒன்று சுமார் 41 சென்டிமீட்டர் நீளம், 24 அகலம். ஒன்றன்மேல் ஒன்று ஏறிய பிறகு வெளியே தெரிவது 32க்கு 21 அளவில் இருக்கும். 87ஆல் வகுத்தால் 3.7க்கு 2.4 மில்லிமீட்டர். அரிசியைவிடக் குட்டை. தனித்தனியாக ஒட்டினால் பைத்தியம் பிடிக்கும். நான் பழைய கல்யாணப் பத்திரிகைகளை எடுத்துக்கொண்டேன், நல்ல கெட்டி அட்டை. ஐந்து மில்லிமீட்டர் பட்டையாக நறுக்கி, கீழ் விளிம்பில் 2.4க்கு ஒரு வெட்டு. ஒரு பட்டைக்கு 116 வெட்டு, ஒரு சரிவுக்கு 16 பட்டை. இரண்டு சரிவும் சேர்த்தால் 3,700க்கு மேல் வருகிறது. பதினெட்டு நாள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு இதே வேலை. “மாப்பிள்ளை பேர்லயே பிளேடு போடுறீங்களே” என்று வீட்டில் கேட்டார்கள். எழுத்து உள்பக்கம் போய்விடும் என்று சமாளித்தேன். ஒட்டும்போது சில வெட்டுகளை நகத்தால் லேசாகத் தூக்கிவிட வேண்டும். எல்லாம் படுத்தே இருந்தால் அச்சடித்த காகிதமாகத் தெரியும். எங்காவது நான்கைந்து ஓடு எழும்பியிருந்தால்தான் பூனை ஓடிய கூரையாகத் தெரிகிறது.

பெயின்டில் நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். சுவருக்கும் கூரைக்கும் கடையில் கிடைக்கும் சாதாரண கேம்லின் அக்ரிலிக் ட்யூப் போதும். வல்லேஹோ என்ற மாடல் பெயின்ட் கம்பெனியின் சொட்டுக்குப்பிகள் விலை ஜாஸ்தி. ஆனால் முனையில் சொட்டுச் சொட்டாக வருவதால் குப்பிக்குள் காய்ந்துபோவதில்லை, பெயர்ப் பலகை, ஜன்னல் சட்டம் போன்ற நுணுக்கத்துக்கு வைத்திருக்கிறேன். பலகை மஞ்சளை ட்யூபிலிருந்து அப்படியே அடித்தால் கண்ணைக் குத்துகிறது. சின்னப் பொருளில் நிறம் அழுத்தமாகத் தெரியும், வெள்ளை கலந்து ஒரு படி இறக்க வேண்டும். பாண்டி வீதிகளில் பார்க்கும் அந்தக் காவி கலந்த மஞ்சளுக்கு என் கலவை, வெள்ளை நாலு பங்கு, யெல்லோ ஓக்கர் இரண்டு, பர்ன்ட் சியன்னா ஊசிமுனை அளவு. கலக்கியதில் மீதியை டானிக் பாட்டிலில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள். அதே நிறம் இரண்டாவது முறை வராது.

பாண்டிக்குப் போகும்போதெல்லாம் அரவிந்தர் ஆசிரமக் கைவினைக் காகிதத்தில் ஒரு தாள் வாங்கி வருவேன். அதன் சொரசொரப்பை சன் போர்டு மேல் ஒட்டினால் சுண்ணாம்புச் சுவராகவே தெரிகிறது. அதன்மேல் கறுப்பும் பழுப்பும் கலந்த தண்ணி பெயின்டில் ஒரு துளி பாத்திரம் கழுவும் லிக்விட். அந்தத் துளி இல்லாவிட்டால் தண்ணி முத்து முத்தாக நிற்கும், இருந்தால் பள்ளத்தில் ஓடி உட்காரும். கைப்பிடிச் சுவர் உச்சியில் தொட்டு, காய்வதற்குள் உலர்ந்த பிரஷால் கீழ்நோக்கி இழுங்கள். இருபது வருட மழைக்கறை இரண்டு நிமிஷத்தில் வந்துவிடும்.

கடைசிப் பூச்சுதான் என்னை அழவைத்தது. 2021 நவம்பர், மூன்று நாள் அடைமழை விட்டு ஒரு சாயங்காலம் வானம் வெளுத்திருந்தது. மொட்டை மாடிக்குப் போய் ஒரு சிக்னல் கேபின் மாடல்மேல் மேட் வார்னிஷ், அதாவது பளபளக்காத வார்னிஷ், ஸ்ப்ரே அடித்தேன். பத்து நிமிஷத்தில் செங்காவிக் கூரை முழுக்கத் திருநீறு பூசினாற்போல வெளுத்துவிட்டது. ஸ்ப்ரேயில் உள்ள கரைப்பான் ஆவியாகும் வேகத்தில் மேல்பரப்பு சில்லிட்டு, காற்றில் உள்ள ஈரம் அங்கேயே படிந்து பூச்சுக்குள் மாட்டிக்கொள்ளும். டப்பாவைக் குறை சொல்லிப் பயனில்லை. இப்போது ஸ்ப்ரே என்றால் தை முதல் ஆனி வரை, அதுவும் வெயில் ஏறிய பிறகு. மற்ற மாதங்களில் தண்ணீரில் கலக்கும் மேட் வார்னிஷைப் பிரஷால் அடிக்கிறேன்.

காற்றழுத்தத்தில் பெயின்ட் பீய்ச்சும் ஏர்பிரஷ் வாங்கினேன், பத்து தடவை தொட்டிருப்பேன். அடிக்கும் நேரம் ஐந்து நிமிஷம், கழுவும் நேரம் அரை மணி. ரயில் பெட்டி, எஞ்சின் செய்கிறவர்களுக்கு அவசியம். பழஞ்சுவர் கட்டுகிறவனுக்குப் பிரஷின் தடமே அழகு.

மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. தேவனாம்பட்டினம் கடற்கரை மணலை அப்படியே அள்ளிவந்து பிளாட்பாரத்தில் ஒட்டாதீர்கள். அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்து, மழைக்காலம் முழுக்கத் தரை வியர்த்துக்கொண்டே இருந்தது; பக்கத்திலிருந்த ஆணியெல்லாம் துரு. நாலைந்து தண்ணீரில் அலசிக் காயவைத்து, டீ வடிகட்டியில் சலித்த பிறகுதான் அடங்கியது.

எதிர்வீட்டுத் தாத்தா மீட்டர் கேஜ் காலத்துப் பாயின்ட்ஸ்மேன், வண்டிக்குத் தண்டவாளம் மாற்றிவிட்டவர். போன மாதம் புது ஷெட்டையும் அதன் பக்கத்து ஸ்டேஷனையும் பார்க்க அழைத்து வந்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு நெடுநேரம் பார்த்தார்.

“ஓடு நல்லா இருக்குப்பா. லாம்ப் ரூம் எங்க?”

“எந்த ரூம் தாத்தா?”

“சிக்னல் விளக்குக்கெல்லாம் மண்ணெண்ணெய் ஊத்துற ரூம். அது இல்லாம ராத்திரி வண்டி எப்படி வரும்?”

அது என் நினைவிலேயே இல்லை. மறுநாளே சன் போர்டில் ஒரு சின்ன அறை கட்டி ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் தள்ளி வைத்தேன், எண்ணெய் பட்டுக் கறுத்த கதவோடு. சுவரில் சிவப்புத் தீ வாளிகளும் மாட்டினேன். எம்-சீலை மிளகு அளவு உருட்டி, பேனா முனையால் குழித்து, அடியை உருண்டையாகவே விட்டுச் செய்த மூன்று வாளி, ஒவ்வொன்றும் மூன்றரை மில்லிமீட்டர்.

நேற்று வந்து பார்த்தார். அறையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “நாங்க நாலு மாட்டுவோம்” என்றார்.

நாலாவது வாளி தயார். சிவப்புதான் பாக்கி. அந்தச் சிவப்பை மட்டும் நான் டானிக் பாட்டிலில் எடுத்து வைக்கவில்லை.